சனிக்கிழமைத் தண்ணீர்

டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடி என்று காருக்கு அடியிலிருந்து புருஷன் தஸ்நேவிஸ் சொன்னபோது கித்தேரியம்மாள் மூன்றாவது தேவ இரகசியத்தில் ஏழாவது மணியிலோ எட்டாவது மணியிலோ இருந்தாள், வலது கையில் டார்ச்சும் இடது கையில் செபமாலையுமாகக் குத்தவைத்து உட்கார்ந்ததில் விரல் எங்கே நிற்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை, போகட்டும், கூட ரெண்டு சொன்னால் மாதா கோபிக்கவா போகிறாள். தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் அவர் கண்ணில் விழுந்தது. என் மூஞ்சியிலயா காட்டச் சொன்னேன், இங்கன, இந்த போல்ட்டுல காட்டுளா என்றார். அவர் காட்டிய இடத்தில் போல்ட்டு என்று ஒன்றும் தெரியவில்லை, கருப்பட்டித் துண்டை ஒட்டிவைத்த மாதிரி ஒரு துருக்கட்டிதான் தெரிந்தது. நாலே நாலு போல்ட்டு, அதைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துரும் என்று காலையில் கஞ்சி குடிக்கும்போது சொல்லியிருந்தார். மொத்தமும் என்றது பின்பக்கத்துச் சப்ஃப்ரேமை. காரின் பின்சக்கரங்கள் ரெண்டையும் தாங்கிக்கொண்டு வண்டியின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் இரும்புச் சட்டம் அது, கயிறு பின்னாத கட்டில் மாதிரி இருக்கும் என்றார். துறைமுகத்து ஒர்க்ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் கிரேனும் லாரியும் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், எதையும் வீட்டுச் சாமான் பேரில்தான் அவளுக்கு விளங்க வைப்பார். மதுரையில் ஒருத்தன் இதே வண்டிக்கு இந்தச் சட்டத்தைத் தேடிக்கிட்டு அலையறான், திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து காரை அள்ளிக்கிட்டுப் போறதுக்கு முன்னால இதை மட்டும் இறக்கி வெச்சிரணும் என்றார். சரிங்க என்றாள். மதுரையில் அப்படி ஒருத்தன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏழு மாசமாக அவர் போனைக் கையில் எடுத்தே அவள் பார்க்கவில்லை.

அவர் எதைத் தேடி அடியில் போய்ப் படுத்திருக்கிறார் என்பதும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது மகன் ரெஜிஸ் ஓட்டிப்போன இந்தக் கார் புளியமரத்தில் மோதியது, முன்பக்கம்தான் மோதியது, அந்த முன்பக்கத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று அவர் நீலத் தார்ப்பாயைப் போட்டு நாலு மூலையிலும் கட்டிவைத்திருக்கிறார், பின்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. அப்படியானால் பின்னால் ஏதாவது உடைந்திருந்தால் அது மரத்தால் உடைந்ததில்லை, மரத்துக்கு முன்னாலேயே உடைந்தது. இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. போன வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த அன்று, கூட வேலை பார்த்த பழைய ஆள் ஒருத்தரிடம் வாசலில் நின்று சொன்னார், உடைஞ்சிருந்தா மேப்பக்கம்தான் உடைஞ்சிருக்கும், அடியில படுத்துப் பாத்தா தெரியாது, இறக்கினாத்தான் தெரியும். அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுபோயிற்று. போலீஸ்காரர்கள் வேகம் என்று எழுதினார்கள். தெருக்காரர்கள் நாய் குறுக்கே வந்தது என்றார்கள். கண்பட்டுவிட்டது என்று அவருடைய தங்கச்சி சொன்னாள். ஆனால் எட்டாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிற்பாடு, காலில் உப்பு வெடிப்போடு ஒரு பெண் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள், உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், அன்றைக்கு ரோட்டோரம் உப்பு குவித்துக்கொண்டிருந்தாளாம். நாயும் இல்லம்மா ஒண்ணும் இல்ல, தம்பி மெதுவாத்தான் வந்தாரு, பின்னாடி மட்டும் வண்டி தனியா ஆடிச்சும்மா. அவள் சொன்னது அவ்வளவுதான், சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். பின்னாடி மட்டும் தனியா ஆடிச்சு. ஏழு மாசமாகக் கித்தேரியம்மாள் அரிசி களைந்தால் அதுதான், துணி பிழிந்தால் அதுதான், பின்னாடி மட்டும் தனியா, நற்கருணை வாங்க வாயைத் திறந்தால் நாக்கில் அப்பத்துக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும்.

பைப்பை எடு என்று கை நீண்டது. ஸ்பேனரின் வாலில் நீள இரும்புப் பைப்பைச் செருகி அழுத்தினால் எந்த போல்ட்டும் பேசும் என்பார். கொடுத்தாள். அவர் ஒரு காலை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு பைப்பை இழுத்தபோது கார் மொத்தமும் ஒரு நூல் அசைந்தது, மாதாவே, மாதாவே, ஒருத்தனைக் கொண்டுபோனது போதும். காரைத் தூக்கி நிறுத்தியிருப்பது கப்பல் சாமான்களுக்கு அடியில் போடும் தேக்குக் கட்டைகளில், ஒவ்வொரு பக்கமும் கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருக்கிறார், அது போதாது என்று கழற்றின ரெண்டு சக்கரத்தையும் பக்கவாட்டில் படுக்கப் போட்டுச் செருகியிருக்கிறார், தப்பித் தவறி இறங்கினாலும் சக்கரத்து மேலதான் உக்காரும், எம்மேல உக்காராது, நீ செபத்தைப் பாரு என்றார். காலையிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டேயிருக்கிறது. சைலன்சர் வந்தது, அதை வாதாமரத்தில் சாய்த்துவைத்தார். ஹேண்ட் பிரேக்கின் கம்பி வந்தது, பிரேக் எண்ணெய் போகும் குழாயைக் கழற்றி வாயில் துணி சுற்றிக் கட்டினார், அடிபட்ட விரலுக்குச் சுற்றுகிற மாதிரி அவ்வளவு பதமாக. சுருள் கம்பி ரெண்டும் வந்தன. இனி அந்தக் கட்டில் மட்டும்தான், அதற்கு அடியில் வாடகைக்கு எடுத்துவந்த சக்கரம் வைத்த ஜாக்கி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. படக்கென்று ஒரு சத்தம். ஒண்ணு பேசிட்டான் என்றார் அடியிலிருந்து. அவர் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று அவள் தேடிப் பார்த்தாள், இல்லை, பழக்கம்தான் இருந்தது. போன் அடித்தது. சென்னையிலிருந்து மகள் புளோரா. டீச்சர் வேலை, யாரோடு பேசினாலும் வகுப்பில் பேசுகிற மாதிரிதான் பேசுவாள், நல்ல மனசுக்காரி. அப்பா இன்னும் அதுக்கடியிலயா கிடக்காங்க, எழுபது வயசுல எதுக்கு இந்த வேலை, அப்படியே தள்ளிவிடுங்கன்னா கேக்காம, கண்ணு முன்னாடியே வெச்சுக்கிட்டுக் கும்பிடவா போறீங்க என்றாள். பிறகு அவளே அழுதாள். கித்தேரியம்மாள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டார்ச்சை ஆட்டாமல், அழாத மக்கா, திங்கக்கிழமையோட முடிஞ்சிரும் என்று சொன்னாள். என்ன முடிந்துவிடும் என்று அவளுக்கே தெரியவில்லை.

முடிய வேண்டாம் என்பது மாதிரிதான் இந்தக் கார் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கப்பலில் எஞ்சின் அறை வேலைக்கு ரெண்டு தடவை போய் வந்த காசில், கொச்சியில் யாரிடமோ வாங்கி ரெஜிஸ் தானே ஓட்டிக்கொண்டு வந்து தெருமுனையிலிருந்தே ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தான், சாம்பல் நிறம், தாழ்ந்த கார், ஏறினால் கட்டிலில் படுத்த மாதிரி இருக்கும். இந்த ஊரு ரோட்டுக்கு இது எதுக்குல, வெளிநாட்டுக்காரன் செஞ்சு செஞ்சு அலுத்துப்போயி விட்ட மாடல், ஒரு சாமான் கிடைக்காது என்று இவர் சொன்னார். சாமான் கிடைக்கலன்னா உங்களைக் கழற்றி மாட்டிக்கிறேன்ப்பா என்றான் அவன். இவர் அப்போது சிரித்தார். அவள் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரிக்க வைத்தாள், தீர்த்தம் தெளித்தபோது கண்ணாடி முழுக்கத் துளித்துளியாக நின்றது. ஒன்பது மாசம் கப்பல், ரெண்டு மாசம் வீடு. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் சாவியை அவள் கையில்தான் கொடுப்பான், அப்பாவிடம் கொடுக்க மாட்டான், அப்பா கையில குடுத்தா வந்து பாக்கும்போது கார் பாதியாத்தான் இருக்கும் என்பான். சனிக்கிழமை சாயங்காலம் கப்பலில் சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவான், காருக்கு மருமகள் என்று பேர் வைத்திருந்தான், யம்மா, மருமகளைக் குளிப்பாட்டியாச்சா. ஆச்சுய்யா, நீ சாப்பிட்டியா. அவ என்ன சொல்றா. மாப்பிள்ளை எப்ப வாராருன்னு கேக்கா. நிஜ மருமக வந்ததும் இவளைத் தள்ளி வெச்சிராதீங்கம்மா என்று சிரிப்பான், பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கும், கடல் சத்தம் கேட்கிறதா என்று காதை அமுக்கிக் கேட்பாள், கேட்காது, எஞ்சின்தான் கேட்கும்.

அந்தக் குளியல். அங்கே வந்துதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் ஆணியில் மாட்டின சேலை மாதிரி நிற்கிறது, பின்னால் இழுத்தாலும் கிழியும், முன்னால் இழுத்தாலும் கிழியும். முதல் தடவை லீவில் வந்தபோது கூட்டாளிகளோடு மணப்பாட்டுக்குப் போய் காரை மணலில் எல்லாம் இறக்கி ஓட்டிவிட்டு வந்தான். வந்ததும் அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான், யம்மா, மேல துடைக்கிறது பெருசில்ல, அடியில நல்லாத் தண்ணி அடிச்சுக் கழுவணும், மண்ணு நின்னா துருப்பிடிச்சிரும். வேறு எதுவும் சொல்லவில்லை. எந்தத் தண்ணி என்று அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. வீட்டில் ரெண்டு தண்ணி. நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வருகிற நல்ல தண்ணி, அதைக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்துவைத்துக் குடிக்க, சமைக்க. மற்றதுக்கெல்லாம் போர்த் தண்ணி, உப்புத்தண்ணி, சோப்பு நுரைக்காது, வாளியில் வைத்தால் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். காரின் மேல்பக்கத்துக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணி ஒதுக்குவாள், இல்லாவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு நிற்கும், பிள்ளை வந்து பார்த்தால் என்ன நினைப்பான். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள். அடிப்பக்கத்துக்குப் போர்க்குழாயில் ஹோஸைச் செருகி, பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, தரையில் ஒரு பக்கமாகப் படுத்து, அந்தச் சட்டத்தில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் ஹோஸின் வாயைச் செருகித் திறந்துவிடுவாள், முதலில் கலங்கலாக வரும், பிறகு தெளிவாக வரும், தெளிவாக வருகிறவரைக்கும் விடமாட்டாள். ஒரு ஓட்டைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. சனிக்கிழமை மாதாவின் நாள், ஆகவே சனிக்கிழமை. பிள்ளை நடுக்கடலில் இருக்கிறான், அவனுக்காகத் தன்னால் ஆனது இதுதான் என்று நினைத்து, காய்ச்சல் வந்தபோதுகூட விடவில்லை, அவன் கப்பலில் இருந்த ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை, அஞ்சு வருஷம். ஒரு வாரமாவது சோம்பேறித்தனப்பட்டு விட்டிருக்கலாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கித்தேரியக்கா காரைப் பாரு புதுசு மாதிரி என்றார்கள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அந்தப் பெருமையைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியும் இருக்கிறாள். இதைத்தான் சொல்லவில்லை. மூணு தடவை போய் முழங்காலில் நின்றாள், சாமி, நான், என்று தொடங்கினாள், பத்துக் கட்டளையில் எதில் இதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லலாம், திருடினேன் என்று சொல்லலாம், பிள்ளைக்காகச் செபம் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன் என்பதை என்னவென்று சொல்வது. பொறாமைப்பட்டேன் சாமி என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ரெண்டு பேசிட்டான். கொஞ்ச நேரத்தில் மூணும் பேசிட்டான். வலது பக்கம் ரெண்டும் இடது முன்பக்கம் ஒன்றும் வந்து, தரையில் ஒரு சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்தன, நீளமாக, ஒவ்வொன்றும் அவள் விரல் அளவு. நாலாவது, இடது பின்பக்கத்தது, அசையவில்லை. அவர் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார். வெயில் வாதாமரத்து இலைக்குள் புகுந்து தார்ப்பாயின்மேல் வட்ட வட்டமாக விழுந்திருந்தது, காற்று அடிக்கும்போதெல்லாம் தார்ப்பாய் ஒரு ஓரம் தூக்கித் தூக்கி அமர்ந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாலாவது தேவ இரகசியமும் முடிந்துவிட்டது. சனிக்கிழமைக்கு மகிழ்ச்சித் தேவ இரகசியங்கள், பத்துப் பத்து மணியாக அஞ்சு, அது சபையின் ஒழுங்கு, நம் வீட்டில் என்ன நடந்தாலும் சனிக்கிழமைக்கு மகிழ்ச்சிதான். நாலு வரைக்கும் எப்படியோ போய்விடுவாள். அஞ்சாவது, காணாமற்போன பிள்ளையைக் கோவிலில் கண்டுபிடித்தது. மூணு நாள் தேடியிருக்கிறாள் மாதா. மூணே நாள். அந்த இடத்தில் ஏழு மாசமாக விரல் மணியைத் தாண்டுவதில்லை, நாலோடு செபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்கிறாள், பாதியில் விட்ட செபமாலையெல்லாம் எங்கே போய்ச் சேரும், மேலே எங்காவது நாற்பது நாற்பது மணியாகக் குவிந்து கிடக்குமா. ரெஜிஸ் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான் அன்று. நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டில் பேசிவிட்டு வரத்தான் போனான், யம்மா மருமகளைக் கூட்டிக்கிட்டுப் போய் மருமகளைப் பாத்துட்டு வாரேன் என்றான். கார்க் கதவை அடைத்த சத்தம். டார்ச்சை இடப்பக்கம் காட்டு என்றார் அவர். காட்டினாள். அவர் திரும்பப் பைப்பைச் செருகினார், இன்னும் நீளமான பைப்பு, கழுத்து நரம்பு புடைத்தது, அப்போது அவள் தன்னுடைய ஆயுசிலேயே கேட்டிராத ஒன்றை மாதாவிடம் கேட்டாள். அந்த போல்ட்டு கழலாமல் இருக்கட்டும் தாயே. அவர் தோற்றுப்போகட்டும். திங்கட்கிழமை இரும்புக்காரன் வந்து அப்படியே அள்ளிக்கொண்டு போகட்டும், உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கட்டும், உருக்குகிற இடத்தில் போய் உருகட்டும். இந்த மனுஷர் முகத்தில் அது தெரிவதை நான் பார்க்காமல் இருக்கட்டும், நாற்பத்தொரு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர், அவர் என்னைப் பார்க்கப் போகிற அந்த ஒரு பார்வை, அது மட்டும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குரல் அவளுக்குள்ளேயே கேட்டது, கழலட்டும், ஒருவேளை அங்கே ஒன்றும் உடைந்திருக்காது, இரும்பு இரும்பாகவே இருக்கும், நீ ஏழு மாசம் சும்மா வெந்திருக்கிறாய். அந்த ஆசையைக் கண்டு அவளுக்கு முதல் பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது.

போல்ட்டு கழலவில்லை. முறிந்தது. துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம், அவர் கை பைப்போடு போய்த் தரையில் இடித்தது, ஒரு கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கிக்கொண்டார். பிறகு அடியிலிருந்து புரண்டு வெளியே வந்து, அடிபட்ட கையை உதறிக்கொண்டு, ஜாக்கியின் கைப்பிடியை அவள் கையில் கொடுத்தார். நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்கேன், நீ இதைக் கால்வாசி திருகு, அதுக்கு மேல திருகாத, கால்வாசி, அதுவா இறங்கும். டார்ச்சைத் தரையில் வைத்தாள், செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். திருகினாள். ஜாக்கி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. மெதுவா என்றார். மெதுவா, மெதுவா இறக்கு. கல்லறைத் தோட்டத்தில் கயிறு பிடித்த நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இதைத்தான் சொன்னார்கள், இதே சொல், தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் முந்திவிட்டது, மெதுவா இறக்குங்கப்பா என்று இவர்தான் சொன்னார், அழாமல், ஒர்க்ஷாப்பில் சொல்கிற குரலில் சொன்னார், அதற்காக அப்போது அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது, இப்போது அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தேடினால் கிடைக்கவில்லை. சட்டம் காரின் வயிற்றை விட்டுப் பிரிந்து ஒரு சாண் வந்தது, ரெண்டு சாண் வந்தது. கட்டில்தான், அவர் சொன்ன மாதிரியே கயிறு இல்லாத கட்டில். ஜாக்கியோடு சேர்த்து வெளியே இழுத்தார். வெயிலுக்கு வந்ததும் அது சின்னதாகத் தெரிந்தது.

அவர் குத்தவைத்தார். முதலில் வலது பக்கம் பார்த்தார், சுத்தியலால் தட்டினார், மணிச் சத்தம் வந்தது. இடது பக்கம் வந்தார். சக்கரத்தைப் பிடிக்கிற கை வந்து சேருகிற இடத்தில், மேல்பக்கம், இரும்பு பிய்ந்து நின்றது, நனைந்த அட்டையைக் கிழித்தால் ஓரம் எப்படி இருக்குமோ அப்படி, அடுக்கடுக்காக. புதுசாக முறிந்த இரும்பு வெள்ளையாக மினுங்கும் என்று அவர் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது, இதில் மினுக்கம் ஒரு நெல்லளவுகூட இல்லை. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார், பணியாரத்தில் குச்சி இறங்குவது போல இறங்கியது. ஆட்டினார். செந்தூள் கொட்டியது, செந்தூளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று பொலபொலவென்று கொட்டியது. குழாய் மாதிரி இருந்த அந்தச் சட்டத்தின் உள்பக்கம் முழுக்க அது பூத்துப் படர்ந்திருந்தது, பாத்தியில் உப்பு விளைகிற மாதிரி, ஒரு அடுக்கின்மேல் ஒரு அடுக்கு, எத்தனை சனிக்கிழமையோ அத்தனை அடுக்கு. அவர் அதில் ஒரு துளியை விரலில் எடுத்தார். பார்த்தார். நாக்கில் வைத்தார். அவள் ஜாக்கியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் நாக்கில் இருப்பது அவள் நாக்கிலும் கரித்தது. காற்று நின்றிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, கடல் காத்துளா, இந்த ஊருல எந்த வண்டிதான் நிக்குது என்றார்.

அவர் அங்கேயே நிறுத்தியிருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு மீதி நாளையும் ஓட்டியிருக்கக் கூடும். கடல் காற்று. சொல்வதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது, கடல் யாருக்கும் தாய் இல்லை, கடலை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த உப்பைக் கையால் கூட்டிக் கூட்டி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார், அவள் கண்ணுக்குப் படாத இடத்துக்கு, தார்ப்பாயை மூடின மாதிரியே, அதைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"காத்து இல்லங்க. நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை உப்புத்தண்ணியை உள்ள விட்டுக் கழுவுனேன்."

அவர் கை நின்றது. தெருவில் மீன்காரனின் வண்டி போனது, அவன் கூவிக்கொண்டு தெருமுனை திரும்பினான்.

"தெரியும்" என்றார்.

பிறகு சட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார், அதனிடம் சொல்கிற மாதிரி. "நான் ஜன்னல் பக்கத்துலதானே படுத்திருப்பேன். ஹோஸ் சத்தம் கேக்கும். இரும்புக்குள்ள உப்புத்தண்ணி போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா, முப்பத்தோரு வருஷம் அந்த வேலைதானே பாத்தேன். போய்ச் சொல்லணும்னு எந்திரிப்பேன். நீ தரையில கிடந்து, அவன் பேரைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு ஓட்டையா... எப்படிளா வந்து குழாயை அடைக்கது. அடுத்த வாரம் சொல்லுவோம்னு திரும்பிப் படுத்துக்கிருவேன்." ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு தடவையும், அவன் வந்தா நானே கழற்றிப் பாத்து சரி பண்ணிரலாம்னு இருந்தேன். வந்தான். கடைசித் தடவையும் இருக்கட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும்னு விட்டேன்."

அவள் பயந்திருந்த பார்வை வரவேயில்லை. அதற்குப் பதிலாக அவர் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில், அவளிடம் எதையோ கேட்டு நிற்கிற ஒருத்தரின் முகம் இருந்தது, சாமியாருக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறவர்களின் முகம், அவள் மூணு தடவை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த முகம். ஒரே பாரத்தை ரெண்டு பேர் ரெண்டு அறையில் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம் என்று நினைத்தபோது பாரம் பாதியாகவில்லை, ரெண்டாகத்தான் ஆனது. ஒரு சனிக்கிழமை அவர் ஜன்னலைத் தட்டியிருந்தால். ஒரு சனிக்கிழமை அவள், ஏங்க இந்தத் தண்ணி ஆகுமா என்று கேட்டிருந்தால். இருநூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகளில் ஏதோ ஒன்று. கோவிலில் பன்னிரண்டு மணிக்கு மூவேளை மணி அடித்தது. அந்த மணிக்கு இந்த வீட்டில் ரெண்டு பேரும் எழுந்து நின்று செபம் சொல்வது கலியாணமான நாளிலிருந்து உள்ள வழக்கம், அடக்கத்துக்குப் பிறகு அவர் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டார், அவள் மட்டும் நிற்பாள். இன்றைக்கு அவளாலும் எழுந்திருக்க முடியவில்லை. மணி அடித்து முடிந்து, அதன் ரீங்காரமும் முடிந்தது.

கையில கொஞ்சம் தண்ணி ஊத்து என்றார் அவர். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தமும் துருவும் ஒரே நிறமாகக் காய்ந்திருந்தன. அவள் எழுந்தாள். கால் பழக்கத்தில் போர்க்குழாய்ப் பக்கம் போயிற்று, ஹோஸ் அதே கொக்கியில் சுருட்டித் தொங்கியது, கை திருகுக் குழாயின்மேல் போய் நின்றுவிட்டது. உள்ளே போய் அடுப்படியிலிருந்து நல்ல தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், இனி செவ்வாய்க்கிழமைதான் தண்ணி வரும், நிறைகுடம், தளும்பி அவள் சேலையை நனைத்தது. அவர் குடத்தைப் பார்த்தார்.

"கை கழுவ எதுக்குளா நல்ல தண்ணி. உப்புத்தண்ணியே போதும்."

அவள் பதில் சொல்லாமல் குனிந்து குடத்தைச் சாய்த்தாள். அவர் ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினார். சிவப்பாக ஓடியது தண்ணீர், சிமெண்டுத் தரையில் சட்டத்தைச் சுற்றிப் போய், அந்த வெள்ளை உப்பைக் கரைத்துக்கொண்டு வாதாமரத்து மூட்டுக்கு இறங்கியது. அஞ்சாவது இன்னும் சொல்லலியோ என்று கேட்டார், அவள் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்து. இல்லை என்று தலையை ஆட்டினாள். நாலோடு நிறுத்தி நிறுத்தி எழுந்துபோனதையும் அவர் படுத்திருந்தே கேட்டிருக்கிறார். "சும்மா ஊத்தாத. அன்னைக்கு மாதிரி சொல்லிக்கிட்டே ஊத்து" என்றார். அவள் வாயைத் திறந்தாள், வரவில்லை, திரும்பத் திறந்தாள். அப்போது அவரே தொடங்கினார், ஏழு மாசம் திறக்காத கதவு போலக் கரகரத்த குரலில், அருள் நிறைந்த மரியே என்று, தடுமாறி, நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கித் தொடர்ந்து, முதல் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு மறுபாதிக்கு அவளைப் பார்த்துக் காத்திருந்தார். குடம் காலியாகும்வரைக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவர் கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.